கூத்தன்பட்டி எல்லையில் பதினைந்து கொள்ளையர் இல்லாதது

புதுக்கோட்டை சமஸ்தானம், மருதங்குடி போலீஸ் ஸ்டேஷன். 1943ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 9ஆம் தேதி, சுபானு வருஷம் ஆவணி 24, வியாழக்கிழமை மாலை மூன்றே முக்கால் மணி. சப்-இன்ஸ்பெக்டர் முன்னிலையில் ஹெட்கான்ஸ்டேபிள் கேட்டு எழுதியது.

என் பெயர் உடையப்பன். தகப்பனார் பெயர் சிவசாமி, காலமாகிவிட்டார். வயது நாற்பத்து நாலு. சென்ற வாக்குமூலத்தில் முப்பத்தெட்டு என்று இருப்பது நான் சொல்லி எழுதியதுதான், ஹெட்கான்ஸ்டேபிளின் பிசகு இல்லை. விலாசம் பொன்னமராவதி தெற்குத் தெரு. தொழில் விவசாயம். சென்ற தடவை நிலச்சுவான்தார் என்று சொன்னேன். எனக்கு உள்ளது புன்செய் ஒன்றரை ஏக்கர், அதில் பாதி பாறை.

இந்த ஸ்டேஷனில் இம்மாதம் 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நான் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். வெள்ளாற்றங்கரையில் கூத்தன்பட்டி எல்லையில் பதினைந்து கொள்ளையர் என்னை வழிமறித்து அடித்துச் சைக்கிளைப் பறித்துக்கொண்டதாக அதில் இருக்கிறது. அது பொய். பதினைந்து பேர் இல்லை. ஏழு பேரும் இல்லை. ஒருவரும் இல்லை. அந்தப் பொய்யை வைத்துக் கூத்தன்பட்டி சரளைக் கிடங்கில் கூலி வேலை பார்க்கும் ராக்கன் என்பவர், வயது சுமார் முப்பது, திங்கட்கிழமை முதல் மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் இங்கே லாக்கப்பில் இருக்கிறார். நாளைக் காலை அவரை மறுபடியும் ஆஜர் செய்து ஜெயிலுக்கு அனுப்ப இருப்பதாக அறிந்தேன். அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்ல வந்திருக்கிறேன். பொய் வாக்குமூலம் கொடுத்தது குற்றம், அதற்கு என் மேல் வழக்கு வரும் என்று சப்-இன்ஸ்பெக்டர் எச்சரித்தார். தெரியும் என்றேன்.

என் தங்கை சொர்ணவல்லியைக் கூத்தன்பட்டி அய்யாக்கண்ணு மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து எட்டு வருஷம் ஆகிறது. அவர்களுக்கு மூன்று வயதில் அமிர்தவல்லி என்று ஒரே மகள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து, நேரம் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது எங்கள் வழக்கம். அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான்.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை பொன்னமராவதி காபி கிளப்பில் உட்கார்ந்திருந்தேன். பஸ் கண்டக்டர் வீரய்யா அங்கே இருந்தார். யுத்தத்தினால் பெட்ரோல் கிடைக்காமல் இப்போது பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டித்தான் ஓட்டுகிறார்கள். காலையில் முதல் வண்டியில் ஏறிவிடும்படியும், மேட்டில் மட்டும் இறங்கித் தள்ளினால் போதும் என்றும் வீரய்யா சொன்னார். அதற்கு நான், அடுப்பு வைத்த வண்டியில் சமையல்காரன்தான் ஏறுவான், நான் சைக்கிளில் மலையடிவாரத்து வழியாகப் போய், தரையில் ஒரு தடவைகூடக் கால் ஊன்றாமல், தங்கை வீட்டு வாசலில்தான் இறங்குவேன் என்று சொன்னேன். ஆற்றங்கரையில் கூத்தன்பட்டி அய்யனார் கோயில் எல்லை வருகிறது. அந்த எல்லையில் எந்த வண்டியில் வந்தாலும், கலெக்டரே வந்தாலும், இறங்கி நடந்துதான் கடப்பார்கள். கலெக்டர் வந்து நான் பார்த்ததில்லை, அதை அடித்துவிடலாம். வீரய்யா, "அய்யனாரு எல்லையில எறங்கித்தானே மாமா ஆகணும்?" என்று கேட்டார். நான், "அவருக்குக் குதிரை, எனக்குச் சைக்கிளு. ரெண்டு பேருமே சவாரிக்காரங்க. ஒருத்தருக்கொருத்தர் எதுக்கு எறங்கணும்?" என்றேன். கிளப்பில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அத்தனை பேர் என்றால் ஆறு பேர். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே கால் மணிக்கு, சீராகக் கொடுக்க வேண்டிய தங்கத் தோடுகளை மஞ்சள் துணியில் முடிந்து மடியில் செருகிக்கொண்டு, புது வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிப் புறப்பட்டேன். ரோட்டு வழியாகப் போகாமல், தேனிமலை அடிவாரத்தைச் சுற்றி வெள்ளாற்றங்கரையில் ஏறும் சரளைப் பாதையில் போனேன். மொத்தம் பதினாறு மைல். முப்பது மைல் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தது தவறு. அந்தப் பாதையில் பஸ் கிடையாது, பார வண்டி கிடையாது, ஆள் நடமாட்டமும் அநேகமாகக் கிடையாது. மலையின் நிழல் பாதை மேல் விழுந்து கிடக்கிற தூரத்துக்கு வெயிலே தெரியாது. சரளை நன்றாக அமுங்கின இடத்தில் டயருக்கடியில் கடலை வறுக்கிற மாதிரி சத்தம் வரும், மற்றபடி மூச்சு விடுகிற சத்தம்தான். அடிவாரத்தில் ஒரு கீரிப்பிள்ளை குறுக்கே வந்து எனக்கு வழி விட்டு நின்றது. அதைச் சிறுத்தை என்று கூத்தன்பட்டியில் சொல்லியிருக்கிறேன். கீரிப்பிள்ளைதான்.

அதன் பிறகு ஆற்றங்கரையில் ஏறினேன். இடது கைப் பக்கம் ஆறு, முழங்கால் அளவு தண்ணீர், மீதி மணல். வலது கைப் பக்கம் வரிசையாக மருதமரம். பாதை ஈரமாகவும் இல்லாமல் தூசியாகவும் இல்லாமல் பெடலை மிதிப்பதே தெரியாமல் வண்டி போயிற்று. எதிரே யாருமே இல்லாததால் இரண்டு மைலுக்கு மணி அடிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் அடித்துக்கொண்டே போனேன். இதெல்லாம் வழக்குக்கு வேண்டாம் என்று ஹெட்கான்ஸ்டேபிள் சொன்னார். அந்த இரண்டு மைலில் நான் இருந்த இருப்பில்தான் அடுத்தது நடந்தது என்பதால் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

காலை எட்டு மணி சுமாருக்கு அய்யனார் எல்லைக்கு வந்தேன். எல்லைக்கு முன்னால் சரளைக் குவியல் பக்கத்தில் ஒருவர் கூடையும் மண்வெட்டியுமாக நின்றார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர்தான் ராக்கன் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்து, "அய்யா, எறங்கி உருட்டிக்கிட்டுப் போங்க. சாமி எல்லை. சரளையும் நேத்துக் கொட்டுனது, இன்னும் அமுங்கலீங்க" என்று சொன்னார். நான் இறங்கவில்லை. இரண்டு தடவை மணியடித்து, "அய்யனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே போனேன். முன் சக்கரம் புதுச் சரளையில் புதைந்தது. புதுச் சரளையில் ஹேண்டில்பாரைத் திருப்பக் கூடாது, முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தேன். அய்யனாருக்கு நேர்ந்து வைத்திருக்கும் மண்குதிரைகளில் பெரிய குதிரையின் காலடியில் போய் விழுந்தேன்.

அதன் பிறகு ராக்கன் ஓடி வந்து என்னைத் தூக்கி மரத்தடியில் சாய்த்து உட்கார வைத்தார். பனையோலைப் பட்டையில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து முழங்காலைக் கழுவி, உள்ளே ஏறியிருந்த சரளைக் கற்களை விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தார். தன் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து என் முழங்காலில் கட்டினார். முன் சக்கரம் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. அதைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்து நிமிர்த்திப் பார்த்தார், நிமிரவில்லை. இறங்கிப் போகச் சொன்னேனே என்று அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் யோசித்தேன். விழுந்துவிட்டேன் என்று சொன்னால் எங்கே விழுந்தாய் என்பார்கள். எங்கே என்று சொன்னால் அய்யனார் தள்ளிவிட்டார் என்பார்கள். சனிக்கிழமை நான் பேசின பேச்சு கரி பஸ்ஸோடு சேர்ந்து கூத்தன்பட்டிக்கும் வந்து சேரும். ஆகவே ராக்கனிடம், நான் விழுந்தது உனக்கும் எனக்கும் இந்தக் குதிரைக்கும்தான் தெரிய வேண்டும், சத்தியம் செய் என்று சொன்னேன். "எதுக்குங்க சத்தியம்? நான் யாருகிட்டங்க சொல்லப் போறேன்?" என்றார். நான் விடவில்லை. அவர் கையைப் பிடித்து நானே குதிரையின் காலில் வைத்தேன். வளைந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு ஊருக்குள் போக வெட்கமாக இருந்ததால், அதை அவர் வீட்டில் வைத்திருக்கச் சொன்னேன். அது எப்படி அவர் வீட்டுக்கு வந்தது என்பதையும் சொல்லக் கூடாது என்று சத்தியத்தில் சேர்த்துக்கொண்டேன். "நானே வந்து எடுத்துக்கிறேன். அதுவரைக்கும் யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத" என்று சொன்னேன். சரிங்க என்றார். நான் யார் என்று கேட்டார். பொன்னமராவதி உடையப்பன் என்றால் காக்கை குருவிக்கும் தெரியும் என்று சொன்னேன்.

அதன் பிறகு அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அங்கிருந்து கூத்தன்பட்டி ஒன்றரை மைல். நான் உடனே நடந்திருந்தால் ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். என்ன சொல்வது என்று மரத்தடியிலேயே உட்கார்ந்து யோசித்ததில் ஒரு மணி நேரம் போய்விட்டது.

தங்கை வீட்டுக்குப் போகும்போது பத்தேகால். நேரம் முடியப் போகிறது, பங்காளிகளில் ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்ல, எங்க அண்ணன் வருவாரு என்று ஒரே பேச்சாகச் சொல்லி சொர்ணவல்லி வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அய்யாக்கண்ணு மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "என்ன மச்சான், பஸ்ஸு ஒங்களைத் தள்ளுச்சா, நீங்க பஸ்ஸைத் தள்ளுனீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கொள்ளைக்காரர்கள் வழிமறித்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

அப்போது நாலு பேர் என்றுதான் சொன்னேன். ஆசாரி ஊசியை எடுக்கும்போது ஏழு பேர் ஆனார்கள். பந்தியில் பன்னிரண்டு. வெற்றிலை போடும்போது பதினைந்து, அதில் ஒருவன் குதிரை மேல் இருந்தான். அந்தக் குதிரை மண்குதிரை. தலைவன் எப்படி இருந்தான் என்று மாப்பிள்ளை கேட்டார். பொய்க்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அன்று காலையில் நான் கிட்டத்தில் பார்த்த முகம் ஒன்றுதான். நல்ல கறுப்பு, மெலிந்த உடம்பு, இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு என்று சொன்னேன். முழங்காலில் இருப்பது என்ன துணி என்று கேட்டார்கள். தலைவனின் தலைப்பாகை, நான் பறித்துவிட்டேன் என்று சொன்னேன். தாய்மாமனுக்கு என்று வைத்திருந்த மாலையோடு மாப்பிள்ளை வீட்டார் வேறு ஒரு மாலையும் வாங்கிவரச் செய்து எனக்குப் போட்டார்கள். அமிர்தவல்லி என் மடியில் உட்கார்ந்து காது குத்தியதற்கு அழுதாள். சொர்ணவல்லி கீழே உட்கார்ந்து என் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "எம்புட்டு வலிச்சுச்சோ அண்ணே" என்றாள்.

அதன் பிறகு மாப்பிள்ளை, இதைச் சும்மா விடக் கூடாது என்று வண்டியைப் பூட்டச் சொன்னார். கொள்ளையரை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. இந்த ஸ்டேஷனுக்கு நாலு மைல் வண்டியில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன். வழியில் எந்த இடத்திலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினைந்து பேர் தங்கத் தோட்டை விட்டுவிட்டுச் சைக்கிளை ஏன் எடுத்தார்கள் என்று ஹெட்கான்ஸ்டேபிள் அன்றைக்கே கேட்டார். தோட்டை வாயில் கவ்விக்கொண்டு சண்டை போட்டேன் என்று சொல்லி, கையெழுத்தும் போட்டேன். சிவப்புத் துண்டையும் நானே அவிழ்த்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பொன்னமராவதி திரும்பினேன். மேட்டில் இறங்கித் தள்ளினேன். அன்று சாயங்காலமே கடைசி வண்டியில் வந்த வீரய்யா காபி கிளப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி, "மாமா, ஒங்க கொள்ளைக்காரன் ஆப்டுட்டான். புருவத்துல தழும்பு, வீட்டுல சைக்கிளு. எப்புடி வந்துச்சுன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறானாம்" என்று சொன்னார். ஆகவே எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கொடுத்த காபியைக் குடித்தேன். செவ்வாய்க்கிழமை கால் வலி என்று சொல்லி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கால் வலிக்கவில்லை.

புதன்கிழமை பிற்பகல் ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பெயர் மூக்காயி, ராக்கனின் மனைவி என்று சொன்னாள். கூத்தன்பட்டியிலிருந்து அதே சரளைப் பாதையில் நடந்து வந்திருந்தாள். பொன்னமராவதியில் நாலு தெரு விசாரித்தும் என்னை யாருக்கும் தெரியவில்லையாம், கடைசியில் தபால்காரர் காட்டினாராம். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "அவுக ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாக. பொன்னமராவதியில ஒருத்தவுக வந்து சொல்லுவாகன்னு மட்டும் சொல்றாக. நீங்க என்னத்தங்க சொல்லணும்?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளிடமும் அவர் சொல்லவில்லை. சைக்கிள் பம்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். போலீஸ்காரர்கள் சைக்கிளை எடுத்தபோது அது தானியக் குதிருக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம், என்னுடையதுதானா பாருங்கள் என்று கொடுத்தாள்.

அன்று அவள் என் வீட்டில் தங்கினாள். அதன் பிறகு இன்று விடியற்காலை அவளும் நானும் புறப்பட்டோம். பஸ்ஸில் வந்திருக்கலாம், நான் வரவில்லை. மலையடிவாரத்தில் அவள் முன்னாலும் நான் பின்னாலும் நடந்தோம். நடந்தால் அந்தச் சரளை காலை எப்படிக் குத்தும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. அய்யனார் எல்லையில் அவள் செருப்பில்லாத காலோடு ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். கும்பிட முடியவில்லை.

கூத்தன்பட்டியில் தங்கை வீட்டு வாசலில் நின்று, மாப்பிள்ளை, அவர் தாயார், சொர்ணவல்லி மூவரும் இருக்கும்போது இப்போது இங்கே சொன்னதைச் சொன்னேன். மாப்பிள்ளை தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். சொர்ணவல்லி மூக்காயியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துச் சோறு போட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. மூக்காயி சாப்பிட்டு வரும் வரையில் வாசலில் நின்றேன். அதன் பிறகு இருவரும் இங்கே வந்தோம்.

மேசை மேல் காட்டப்பட்ட சிவப்புத் துண்டு ராக்கனுடையது. அதிலிருக்கும் ரத்தம் என்னுடையது. சைக்கிள் என்னுடையது, நானே அவரிடம் கொடுத்தது. சென்ற வாக்குமூலத்தில் அவரை நான் அவன் என்று சொன்ன இடங்களை எல்லாம் அவர் என்று திருத்தும்படி கேட்டுக்கொண்டேன். பழைய வாக்குமூலத்தில் கை வைக்கக் கூடாது, இதில் வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னதன் பேரில் இங்கே எழுதப்பட்டது.

இந்த இடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் ராக்கனை லாக்கப்பிலிருந்து அழைத்துவரச் செய்து, சைக்கிள் எப்படி வந்தது என்று மறுபடியும் கேட்டார். அவர் சப்-இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, "சொல்லிறலாங்களா?" என்று கேட்டார். நானே சொல்லிவிட்டேன், சத்தியம் தீர்ந்தது, இனிமேல் நீங்கள் எதையும் சொல்லலாம் என்றேன். அதன் பிறகு அவர், "அய்யா சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாங்க. வேற ஒண்ணும் இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். நான் எல்லையில் இறங்காமல் போனதைச் சொல்லவில்லை. தான் எச்சரித்ததைச் சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்லவில்லை. அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானே சேர்த்துச் சொல்கிறேன்.

என் முழங்காலில் பட்ட காயம் ஒரு அரையணாக் காசு அகலம். அந்தக் காயத்துக்கு, ராக்கன் தண்ணீர் கொண்டுவர ஆற்றுக்குத் திரும்பியபோது, நான் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னைய இங்க தனியா விட்டுட்டுப் போயிராதப்பா" என்று சத்தம் போட்டு அழுதேன். அவர் உடனே போகவில்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

எழுதியதை ஹெட்கான்ஸ்டேபிள் முழுக்க வாசித்துக் காட்டினார். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் என்று நான் சொன்னது சரியில்லை, கணுக்கால் அளவுதான், அதை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டியது. மற்றபடி நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் நான் கூட்டியது எதுவும் இல்லை.

(ஒப்பம்) சி. உடையப்பன்